கடைமடையில் காத்திருப்பது

அன்புள்ள ஐயா,
ஜெனீவா பக்கத்தில், அணுவிலும் சிறிய துகள்களை மோதவிட்டு ஆராயும் 'பெரிய ஹாட்ரான் மோதுவி' என்ற இயந்திரத்தில் 'நீண்ட ஆயுள்' கொண்ட புதுத் துகள்களைத் தேடுவது மிகச் சிரமம் என்று எழுதியிருந்தீர்கள். அதிக நேரம் உயிரோடு இருக்கிற துகளைப் பிடிப்பது சுலபம்தானே?
க., மன்னார்குடி

அன்புள்ள க.,
நியாயமான கேள்வி. முதலில் 'நீண்ட' என்பதை நம்பிவிடாதீர்கள். நொடியை நூறு கோடியாகப் பிரித்து அதில் ஒரு பங்கு உயிரோடு இருந்தாலே அங்கே அது தீர்க்காயுசு. அதற்குள் ஒளியே 30 சென்டிமீட்டர்தான் போகும், ஒரு ஸ்கேல் நீளம். ஹிக்ஸ் போன்ற துகள்கள் பிறந்த இடத்திலேயே சிதைந்துவிடும்.

அங்கே நொடிக்குச் சுமார் 4 கோடி முறை புரோட்டான் கொத்துகள் எதிரெதிரே கடக்கின்றன. அத்தனையையும் பதிவுசெய்ய முடியாது. 'டிரிகர்' என்ற வடிகட்டி சில ஆயிரத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். அதன் முதல் கட்டம் முடிவெடுக்க எடுத்துக்கொள்வது சில மைக்ரோநொடிதான் (நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோநொடி). நம்மூர் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டை திரும்புகிறதே, அதுமாதிரி. நெல்லையாவது காயவைத்து மறுபடி கொண்டுபோகலாம். தள்ளிய மோதல் போனது போனதுதான்.

இந்த வடிகட்டி பெரும்பாலும் மோதல் நடக்கும் நடுப்புள்ளியிலிருந்து கிளம்பும் துகள் தடங்களுக்காகவே பழக்கப்பட்டது. அரை மீட்டர் நடந்துபோய் உடைகிற துகளின் தடங்கள் நடுவழியில் திடீரென முளைக்கும். அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட வாய்ப்பு அதிகம். போதாததற்குப் போலிகள் வேறு. 1947இல் மான்செஸ்டரில் ரோச்செஸ்டர், பட்லர் என்ற இயற்பியலாளர்கள் மேகக்கூடப் படங்களில் (துகள் போன வழியை நீராவிக் கோடாகக் காட்டும் கருவி அது), ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கவட்டைபோலப் பிரியும் தடத்தைப் பார்த்தார்கள். அங்கே சிதைந்ததுதான் கேயான் என்ற துகள். இன்றைக்கும் அது இதேபோல் நடந்துபோய்ச் சிதைந்து, புதுத் துகள் என்று ஆசைகாட்டும்.

நான் வேதாரண்யம் பக்கத்துக்காரன். ஜூனில் மேட்டூர் திறந்ததும் பேப்பரில் படம் வந்துவிடும். எங்கள் வாய்க்கால் காய்ந்தே கிடக்கும். தண்ணீர் வந்ததா என்று கல்லணையில் நின்று சொல்ல முடியாது, கடைமடைக்கு வந்துதான் பார்க்கவேண்டும். ஃபேசர் என்ற சிறு கருவியை அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்: மோதுவியின் பெரிய கருவிகளில் ஒன்றான அட்லஸின் மோதல் புள்ளியிலிருந்து 480 மீட்டர் தள்ளி, பழைய சுரங்கப்பாதை ஒன்றில். இடையிலுள்ள பாறை வேண்டாததையெல்லாம் பெரும்பாலும் தடுத்துவிடும். (உவமை முழுக்கப் பொருந்தாது. தண்ணீர் வரும் நாளை ஓரளவு கணிக்கலாம். ஒரு துகள் எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆயுள் என்பது சராசரி மட்டுமே.)

2022இல் ஃபேசர் தரவு சேகரிக்கத் தொடங்கியது. மறு வருடமே, மோதுவியில் பிறந்த நியூட்ரினோக்களை (எதிலும் எளிதில் சிக்காத துகள்கள்) முதன்முறையாக நேரடியாகப் பிடித்துக் காட்டியது. தேடுகிற புதுத் துகள்தான் இன்னும் வந்துசேரவில்லை.