30க்கு 40 அடியில் என்னென்ன ரகம் வைக்கலாம்?

வணக்கம். 30க்கு 40 அடி இடத்தில் மா நான்கு, பலா இரண்டு, கொய்யா மூன்று என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் பலாவை விட்டுவிடுங்கள். ஒரு பலாவே நன்றாக வளர்ந்தால் 25 அடிக்குக் குறையாமல் படரும், அதன் நிழலில் மற்ற எதுவும் சரியாகக் காய்க்காது.

மாவில் நீங்கள் கேட்ட அல்போன்சா சுவையில் அருமைதான். ஆனால் ஒரு வருடம் காய்த்து மறுவருடம் ஓய்வெடுக்கும் குணம் அதற்கு உண்டு. வருடாவருடம் பழம் வேண்டுமென்றால் நீலம், அல்லது தசேரியையும் நீலத்தையும் கலந்து உருவாக்கிய ஆம்ரபாலி. ஆம்ரபாலி குட்டை ரகம், உங்கள் இடத்துக்கு அதுதான் என் தேர்வு. அதில் இரண்டு, நீலம் ஒன்று போதும். நீலம் தாமதமாகப் பழுப்பதால் பருவமும் நீளும்.

கொய்யாவுக்கு லக்னோ 49. கவாத்து செய்தால், அதாவது கிளைகளை வெட்டிவிட்டால், கைக்கெட்டும் உயரத்திலேயே நிற்கும்.

ரகத்தைவிட முக்கியம் கன்று. ஒட்டுக்கன்றா, அதாவது வேருள்ள ஒரு கன்றின் மேல் நல்ல ரகத்தின் கிளையை ஒட்டியதா என்று விரலால் தடவிப் பாருங்கள்: தண்டின் அடியில் சின்ன முண்டு தட்டுப்படும். நடும்போது அது மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். முண்டுக்குக் கீழே துளிர்த்தால் உடனே கிள்ளிவிடுங்கள், அது வேர் தரும் அடிக்கன்றின் துளிர், நீங்கள் வாங்கிய ரகம் அல்ல. நான் முதல் கன்றில் இதைக் கவனிக்காமல் விட்டேன். மூன்று வருடம் கழித்து வளர்ந்து நின்றது வேறு மரம்.

முதல் இரண்டு வருடம் மாவில் பூ வந்தால் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கிள்ளுங்கள். மழைத் தண்ணீர் அங்கே எவ்வளவு நேரம் தேங்கும்? அதையும் சொல்லுங்கள்.