தீயணைப்புத் துறையில் இருப்பவரைக் கல்யாணம் செய்தால் குடும்பத்துக்கு நேரம் ஒதுக்குவாரா?

வீட்டில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள், அவர் ஃபயர் சர்வீஸ், சொந்தத்தில் யாரோ ஒருவர் "ராத்திரி பகல் பார்க்காத வேலை, யோசிச்சுக்கோ" என்று கிளப்பிவிட்டிருக்கிறார். சரிதானே? எங்கள் அம்மாவிடமும் இதையேதான் சொன்னார்களாம்.

என் அப்பா கடலூரில் தீயணைப்பு வீரராக இருந்து 2009ல் ஓய்வு பெற்றவர். போன ஐப்பசியில் தவறிப்போனார். அதனால் இந்தப் பதில் ஒருபக்கமாகத்தான் இருக்கும்.

நேரம் என்று கேட்டால், கிடையாது. ஒரு நாள் முழுக்க டூட்டி, மறுநாள் வீடு. கூரை வீடுகள் பற்றிக்கொள்ளும் கோடையில் அந்த மறுநாளும் சந்தேகம்தான். தமிழ்ப் புத்தாண்டு அன்றுகூட நாங்கள் காத்திருக்க வேண்டும். 1944 ஏப்ரல் 14ல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அந்த அஞ்சலியை ஸ்டேஷனில் முடித்துவிட்டு, சட்டையில் குத்திய சின்னக் கொடியோடு வருவார். வடை ஆறிப்போயிருக்கும்.

ஆனால் வீட்டில் இருக்கும் நாளில் எனக்குத் தலை பின்னிவிடுவது அவர்தான். அம்மா ஏழு மணிக்கே பண்ருட்டி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கிணற்றில் விழுந்தவரைத் தூக்க 'சேர் நாட்' என்று ஒன்று போடுவார்கள். ஒரே கயிற்றில் இரண்டு வளையம், ஒன்று கக்கத்துக்கு, ஒன்று முழங்காலுக்கு அடியில். அதைப் போட்டுப் பழகிய கை. ரிப்பன் சாயங்காலம் வரை அசையாது, பிடரிதான் வலிக்கும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலையில்தான் டூட்டி முடித்து வந்து, மீன் வாங்கப் பையோடு சைக்கிளில் கிளம்பினார். தேவனாம்பட்டினம் பக்கமிருந்து ஜனங்கள் ஓடி வருவதைப் பார்த்ததும் அப்படியே ஸ்டேஷனுக்குத் திருப்பிவிட்டார். நாலாம் நாள்தான் வீடு திரும்பினார். காதுக்குள் எல்லாம் மணல். எதுவும் பேசவில்லை. குளித்துவிட்டு வந்து என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பின்னியிருந்த தலையை அவிழ்த்து மறுபடி பின்னினார். அப்புறம் அதையும் அவிழ்த்தார். மூன்று தடவை. ஆறாவது படித்துக்கொண்டிருந்த எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

எல்லாத் தீயணைப்பு வீரர்களும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. குடித்துவிட்டு வந்து அடிப்பவர் எந்தத் துறையில்தான் இல்லை? பேங்க் வேலைக்காரரைக் கட்டிக்கொண்டு பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் இருக்கும் என் சித்தி மகளையும் எனக்குத் தெரியும். அதனால் யாரும் சண்டைக்கு வராதீர்கள்.

சண்டை என்றதும் ஞாபகம் வருகிறது. வாரிசுச் சான்றிதழுக்காக ஒரு அலுவலகத்துக்கு ஆறு முறை நடந்தேன். அம்மாவின் ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கிறதாம், ரேஷன் கார்டில் பின்னால் இருக்கிறதாம். 'இரண்டும் ஒரே ஆள்தான் என்று எப்படி நம்புவது?' என்று அம்மாவை எதிரில் நிற்க வைத்துக்கொண்டே கேட்டார்கள். அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் மாறவில்லை. 2011ல் தானே புயல் அடித்த மறுநாள், அறுபது வயதில், அரிவாளும் கயிறுமாகத் தெருவில் விழுந்த மரங்களை வெட்டி வழி விட்டுக்கொண்டிருந்தார். என் பையன் பிறந்தபோது தூளி கட்டியதும் அவர்தான். கட்டி முடித்து, 25 கிலோ அரிசி மூட்டையை அதில் வைத்து அரை மணி நேரம் ஆட்டிப் பார்த்த பிறகுதான் குழந்தையைப் போட விட்டார். மாமியார் வீட்டு ஆட்கள் எல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பெண் பார்க்க வருகிறவர் டூட்டி முடிந்து நேராக வந்திருந்தால், உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகும். தூங்குமூஞ்சி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதலில் சாப்பாடு போடுங்கள்.