எல்லாம் வல்ல கடவுளால் ஒவ்வோர் உயிர் மீதும் தனித்தனியாக அக்கறை வைக்க முடியுமா?

முடியும் என்றுதான் நம்புகிறேன். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

‘இத்தனை கோடிப் பேரில் என்னை எங்கே கவனிக்கப் போகிறார்?’ என்று கேட்பவர்கள், கடவுளின் கவனத்தையும் நம்முடையதைப் போலவே நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் நமக்கு ஒருவர் சொன்னது காதில் விழாது. ஆனால் வரம்பே இல்லாத ஒன்றை 800 கோடி மனிதர்களுக்குப் பங்கு வைத்தாலும் குறைந்துபோகாது. அப்படிக் குறைந்தால் அவரை எல்லாம் வல்லவர் என்று சொல்வதே தப்பு.

தத்துவ அறிஞர்கள் இதில் கடுமையாக மோதியிருக்கிறார்கள். தனித்தனி விஷயங்களைக் கடவுள் பொதுவான முறையில்தான் அறிகிறார் என்றார் இஸ்லாமியத் தத்துவ அறிஞர் இப்னு சீனா. மாறிக்கொண்டே இருப்பதை நேரடியாக அறிந்தால் அறிபவரும் மாற வேண்டிவரும் என்பது அவர் கவலை. 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் இஸ்லாமிய இறையியல் அறிஞர் கஸ்ஸாலி இதைக் கடுமையாக எதிர்த்தார். ஸைது என்ற ஒரு மனிதன் கீழ்ப்படிந்தானா, மீறினானா என்பதுகூடக் கடவுளுக்குத் தெரியாமல் போய்விடுமே என்றார். நான் கஸ்ஸாலி பக்கம். என் பெயர் தெரியாத ஒருவரிடம் எதற்குப் பிரார்த்தனை?

12ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடிஸ் நடுவில் ஒரு கோடு போட்டார். தனித்தனிப் பராமரிப்பு மனிதர்களுக்கு மட்டும், விலங்குகளில் இனத்துக்கு மட்டும். இந்தச் சிலந்தி இந்த ஈயைப் பிடித்தது கடவுள் விதித்ததால் அல்ல என்றார். கேட்க வசதியாக இருக்கிறது, ஆனால் என்னால் ஏற்க முடியவில்லை. வலி அந்த ஒற்றை உயிருக்குத்தானே, இனத்துக்கா வலிக்கிறது?

ஒருவகைக் குளவி, கம்பளிப்புழுவின் உடலுக்குள் முட்டையிடும். பொரித்து வரும் குஞ்சுப்புழு, அதை உயிரோடு வைத்தே உள்ளிருந்து தின்று வளரும். நல்ல மனம் கொண்ட கடவுள் இதைத் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என 1860இல் ஒரு கடிதத்தில் எழுதினார் டார்வின். ‘கல்லுக்குள் தேரைக்கும் படியளப்பவன்’ என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இங்கே குளவிக் குஞ்சுக்கு அளந்த படியே புழுவின் உயிர்தான். ஒவ்வொன்றின் மீதும் அக்கறை என்றால் இந்த இரண்டின் மீதும்தானே?

உலகம் ஒழுங்காக நடக்க மாறாத விதிகள் வேண்டும் என்பார்கள். சரி, நெருப்பு ஏன் சுடுகிறது என்பதற்கு அது பதில். புழு இவ்வளவு நேரம் துடிக்க வேண்டுமா என்பதற்கு அது போதாது.

ஒவ்வோர் உயிரின் வலியும் அவருக்குத் தெரியும், அது அவரைத் தொடுகிறது என்று நம்புகிறேன். அதற்காகக் குழந்தையை இழந்த தாயிடம் போய் ‘எல்லாம் நல்லதுக்குத்தான்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. அக்கறை இல்லாதவரிடம் கேட்டுப் பயனில்லை. இவருக்கு அக்கறை உண்டு என்று நம்புவதால்தான் ‘ஏன் இப்படி?’ என்று பிரார்த்தனையிலேயே அவரிடம் சண்டை போடுகிறேன்.