தலைவலிக்கு வயிற்றில் வழி தேடுபவர்களுக்கு: கேள்வி பதில்

சாப்பாடு, குடல் பாக்டீரியா, மைக்ரேன் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள். நான் உணவு ஆலோசகர். எனக்கும் இருபது வருடமாக மைக்ரேன் உண்டு.

கேள்வி: வலிப்பது தலை. குடலில் இருக்கும் பாக்டீரியாவுக்கு இதில் என்ன வேலை மேடம்?

குடலையும் மூளையையும் வேகஸ் நரம்பு இணைக்கிறது. சேதி இரண்டு பக்கமும் போய் வருகிறது. நாம் சாப்பிடும் நார்ச்சத்தைப் பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்து பியூட்டிரேட் போன்ற அமிலங்களைத் தருகின்றன. குடல் சுவர் உறுதியாக இருக்கவும் அழற்சி அடங்கவும் அவை உதவுகின்றன. செரடோனின் என்பது நரம்புகளுக்கிடையே சேதி கடத்தும் ஒரு ரசாயனம். உடலில் உள்ளதில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது. இதை வைத்து, அது நேராக மூளைக்குப் போவதாகப் பலரும் எழுதுகிறார்கள். தவறு. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பைச் செரடோனின் தாண்டாது.

கேள்வி: சாக்லேட் சாப்பிட்டால் மறுநாள் வலி நிச்சயம். அடியோடு நிறுத்திவிடவா?

கொஞ்சம் பொறுங்கள். மைக்ரேன் வலியாகத் தொடங்குவதில்லை. பல மணி நேரம் முன்பே, சிலருக்கு ஒரு நாள் முன்பே, கொட்டாவி, சோர்வு, இனிப்பு மேல் தாங்க முடியாத ஆசை என்று ஆரம்பித்துவிடும். அப்படியானால் சாக்லேட் வலியைக் கொண்டு வந்ததா, வரப்போகும் வலி சாக்லேட்டைத் தேட வைத்ததா? ஆசையே இல்லாத ஒரு நாளில் சாப்பிட்டுப் பாருங்கள், இரண்டு மூன்று முறை. அப்போதும் வலி வந்தால் நிறுத்துங்கள்.

கேள்வி: பதப்படுத்திய இறைச்சியால் வருமா?

சிலருக்கு வரும். அதில் சேர்க்கும் நைட்ரேட், நைட்ரைட் உடலில் நைட்ரிக் ஆக்சைடாக மாறி ரத்தக் குழாய்களை விரிக்கும். 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நைட்ரேட்டை மாற்றும் பாக்டீரியா மரபணுக்கள் மைக்ரேன் உள்ளவர்களின் வாயில் அதிகமாக இருந்தன. மலத்தில் வித்தியாசம் சிறிதுதான். அதனால்தான் வலி வருகிறது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை.

கேள்வி: புரோபயாடிக் மாத்திரை வாங்கலாமா சார்?

(மேடம்தான், பரவாயில்லை.) 14 வகை பாக்டீரியா கலந்த மாத்திரையால் வலி குறைந்ததாக 2019இல் ஈரானில் ஒரு சோதனை சொன்னது. அதற்கு முன் 2017இல் நெதர்லாந்தில் வேறொரு கலவையைக் கொடுத்துப் பார்த்தபோது, மருந்தே இல்லாத போலி மருந்தை விடப் பெரிய பலன் இல்லை. இரண்டும் சிறிய சோதனைகள். இதை நம்பி நடப்பு மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: அப்போ எதைத்தான் செய்வது?

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இதைத்தான் முதலில் சொல்வேன். நான் ஒரு காலத்தில் பயந்து பயந்து ஒன்பது உணவுகளை ஒதுக்கினேன். பாதி நாள் பட்டினி, வலி கூடியதுதான் மிச்சம். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் நிறுத்திப் பாருங்கள். நான்கு வாரம் குறித்து வையுங்கள். காபியைக் குறைப்பதென்றால் படிப்படியாக. சட்டென்று விட்டால் 12 முதல் 24 மணி நேரத்தில் அதுவே தலைவலி தரும்.

எண்ணெய் விஷயத்தில் நல்ல ஆதாரம் ஒன்று உண்டு. 2021இல் வெளியான சோதனையில் 182 பேர் 16 வாரம் கலந்துகொண்டார்கள். கொழுப்பு மீன் வழியாக ஒமேகா-3ஐக் கூட்டி, பல தாவர எண்ணெய்களில் இருக்கும் லினோலிக் அமிலத்தைக் குறைத்தவர்களுக்கு, வழக்கமான உணவு உண்டவர்களைவிட மாதத்தில் சுமார் 4 வலி நாட்கள் குறைந்தன. உணவால் இவ்வளவு கிடைப்பது பெரிய விஷயம் என்பேன்.

கேள்வி: மைக்ரேன் ஊசி போட ஆரம்பித்ததிலிருந்து மலச்சிக்கல். சம்பந்தம் உண்டா?

எரெனுமாப் என்றால் உண்டு. சிஜிஆர்பி என்பது மைக்ரேனில் பங்கு வகிக்கும் ஒரு புரதம். எரெனுமாப் தடுக்கும் அதன் சமிக்ஞை குடலிலும் வேலை செய்கிறது. மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள், சமாளித்துக்கொண்டு இருக்காதீர்கள்.

கேள்வி: 12 வயது மகளுக்கு வாரம் இரண்டு முறை வலி, பள்ளியிலேயே. காலையில் எதுவும் சாப்பிட மாட்டாள். குடல் பாக்டீரியா பரிசோதனை செய்யலாமா அக்கா?

வேண்டாம்மா. அந்த முடிவை வைத்து மைக்ரேனுக்கு இன்று சிகிச்சை தீர்மானிக்க முடியாது. வாரம் இரண்டு முறை என்பதால் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். நாளைக் காலை கால் மணி நேரம் முன்னதாக எழுப்பி, கொஞ்சமாவது சாப்பிட வைத்து அனுப்புங்கள்.