கேள்வி நேரம்: கார்கில் மலைப்போர்

கேள்வி: 1999 கார்கில் போரில் தோலோலிங் என்ற ஒரே மலையைப் பிடிக்க மூன்று வாரம் ஆனதே, ஏன்?
– வாசகர், வேலூர்

பதில்: சமவெளியில் தற்காப்பவர் ஒருவருக்குத் தாக்குபவர் மூவர் என்பது பழைய கணக்கு. மலையில் ஆறு பேர் வேண்டும், சில இடங்களில் ஒன்பது பேர்கூட. தோலோலிங் இருக்கும் திராஸ் பகுதியின் சரிவுகளில் ஒளிய மரமோ புதரோ கிடையாது. கீழே ஸ்ரீநகர்–லே சாலையில் ஓடும் லாரியே உச்சியில் இருப்பவனுக்குத் தெரியும்போது, பகலில் ஏறும் வீரன் எம்மாத்திரம்? இரவில்தான் ஏற வேண்டும். விடிவதற்குள் உச்சியை எட்டாவிட்டால் பகல் முழுக்கப் பாறை இடுக்கில் முடங்கவேண்டியதுதான். மே மாத முயற்சிகள் பெரும்பாலும் இப்படித்தான் தடைபட்டன. பீரங்கிகளைக் குவித்துச் சுட்ட பிறகே, ஜூன் 13-ல் 2 ராஜ்புதானா ரைபிள்ஸ் என்ற படைப்பிரிவு தோலோலிங்கைக் கைப்பற்றியது.

கேள்வி: பீரங்கி இருந்தும் குறி தப்புவது ஏன்?
– வாசகர், தேனி

பதில்: சமவெளியில் குண்டு ஐம்பது மீட்டர் தள்ளி விழுந்தாலும் எதிரிக்குப் பக்கத்தில்தான் விழும். கத்தி முனை போன்ற மலைமுகட்டில் அதே ஐம்பது மீட்டர் தவறினால், குண்டு மறுபுறப் பள்ளத்தாக்கில் போய் வெடிக்கும். 5,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். தடை குறைவதால் குண்டு கூடுதல் தூரம் பறக்கும். குளிர்ந்த வெடிமருந்தோ வேகத்தைக் குறைத்துவிடும். இரண்டையும் கணக்கில் சேர்க்காமல் சுட்டால் வீண். அதனால்தான் 155 மி.மீ. போஃபர்ஸ் பீரங்கியை மலைக்கு எதிரே நிறுத்தி, கண்ணில் தெரியும் பதுங்குகுழியை நேராகக் குறிவைத்தும் சுட்டார்கள்.

அதைவிடச் சிக்கலானது, நம் வீரர்கள் உச்சியை நெருங்கும்போது சுடுவதை எப்போது நிறுத்துவது என்பது. சீக்கிரம் நிறுத்தினால் எதிரி தலைதூக்கித் துப்பாக்கியைப் பிடித்துவிடுவான். தாமதித்தால் நம் குண்டுக்கு நம் ஆளே சாவான்.

கேள்வி: புதிய படையை உடனே மேலே அனுப்ப முடியாதா?
– வாசகர், கோவை

பதில்: முடியாது. 9,000 முதல் 12,000 அடி வரை 6 நாள், 15,000 அடி வரை 4 நாள், அதற்கு மேல் 4 நாள் என்று உடலைப் பழக்குவது இந்திய ராணுவ நடைமுறை. முதல் இரண்டு நாள் ஓய்வு மட்டுமே. அவசரப்பட்டால் நுரையீரலில் நீர் கோக்கும். ஆக்சிஜன் கொடுத்து உடனே கீழே இறக்காவிட்டால் திடகாத்திரமான வீரனும் பிழைப்பது கடினம்.