விமானம் ஏறும் முன் முடிக்க வேண்டியவை: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் கணவருக்குச் சிங்கப்பூரில் மாதம் 6,400 வெள்ளி சம்பளத்தில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் வேலை உறுதியாகியிருக்கிறது. அவர் அடுத்த மாதம் புறப்படுகிறார். நானும் ஐந்து வயது மகளும் ஆறு மாதம் கழித்துச் செல்வதாகத் திட்டம். 2018-இல் திருப்பரங்குன்றத்தில் எங்கள் திருமணம் நடந்தது, பதிவு செய்யவில்லை. மகளின் பிறப்புச் சான்றிதழில் இன்னும் பெயர் ஏற்றவில்லை. ஆறு மாதம் போதுமா, ஐயா?
- வாசகி, திருமங்கலம்

பதில்: போதும், ஆனால் கணவர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டிய வேலைகளுக்கு உங்களிடம் இருப்பது ஆறு மாதமல்ல, ஒரே ஒரு மாதம். முதல் வேலை திருமணப் பதிவு. முருகன் தெய்வானையை மணந்த தலத்தில் தாலி கட்டியவர்களுக்கு அதற்கு மேல் ஒரு சாட்சி வேண்டியதில்லை என்று நம் ஊரில் நினைப்பது இயல்புதான். ஆனால், வேலை பார்ப்பவரின் மனைவி, பிள்ளைகள் உடன் தங்குவதற்கான டிபெண்டன்ட் பாஸுக்குச் சிங்கப்பூர் மனிதவள அமைச்சு கேட்பது அரசுச் சான்றிதழை. ஆண்டுகள் கடந்திருந்தாலும், 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளலாம். அதற்குக் கணவனும் மனைவியும் சாட்சிகளோடு நேரில் நிற்க வேண்டும் என்பதால், அவர் போன பிறகு இந்த ஒரு காரியத்துக்காகவே விடுப்பெடுத்து, டிக்கெட் போட்டு, திரும்பி வர நேரிடும்.

அடுத்தது மகளின் பெயர். பிறந்து ஓராண்டுக்குள் என்றால் கட்டணமின்றியும், அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும், பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்திலேயே பெயரைச் சேர்க்கலாம். பெயரைச் சேர்க்கும்போதே, தாய் தந்தை பெயர்கள் பாஸ்போர்ட்டில் உள்ள அதே ஆங்கில எழுத்துகளில் இருக்கின்றனவா என்று ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். நம்மவர்களுக்குத் தலையெழுத்தைவிட முன்னெழுத்துதான் அதிகச் சிக்கல் தருகிறது: பள்ளிச் சான்றிதழில் ஒற்றை எழுத்தாக நிற்கும் தந்தை பெயர் பாஸ்போர்ட்டில் முழுமையாக விரிந்து, பிறப்புச் சான்றிதழில் வேறொரு எழுத்துக்கூட்டலில் இருந்தால், மூன்றும் ஒருவரையே குறிக்கின்றன என்று விளக்கும் சுமை உங்கள் மேல் விழும். பிறப்புச் சான்றிதழைத் திருத்திய பிறகே குழந்தையின் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். அந்த விண்ணப்பத்துடன் தரும் உறுதிமொழியில் பெற்றோர் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்பதால் அதையும் இந்த மாதக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிபெண்டன்ட் பாஸுக்கு விண்ணப்பிப்பது கணவரின் நிறுவனம். அவருடைய நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். ஓவர்டைமும் போனஸும் இதில் சேராது என்பதால், 6,400 என்பது எவற்றின் கூட்டுத்தொகை என்று வேலைக் கடிதத்தில் பார்த்துவிடுங்கள். சிங்கப்பூருக்கு வெளியே பிறந்த, 12 வயதைத் தாண்டாத குழந்தைகள் தொண்டை அடைப்பான், தட்டம்மைத் தடுப்பூசிகளைப் போட்டிருப்பதை முன்கூட்டியே சரிபார்க்கிறார்கள். எனவே தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள். அங்கே நீங்களும் வேலை பார்க்க விரும்பினால், 2021 மே மாதத்திலிருந்து டிபெண்டன்ட் பாஸ் மட்டும் போதாது. சொந்தமாக ஒரு வேலை பாஸ் பெற வேண்டும். 6,000 வெள்ளி என்பது பாஸுக்கான அளவுகோலே தவிர, குடும்பம் நடத்தப் போதுமான தொகை என்று எவரும் உறுதி தரவில்லை. 2,500 வெள்ளிக்குக் குறைந்த வாடகையில் ஒரு முழு வீடு கிடைப்பது அரிது.

கேள்வி: மலேசியாவுக்கு விசா தேவையில்லை, பார்வையாளராகப் போய் வேலையில் சேர்ந்துவிட்டுப் பிறகு பெர்மிட் மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் ஒருவர் சொல்லி ஒன்றரை லட்சம் கேட்கிறார். நான் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவன். நம்பலாமா?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: நம்ப வேண்டாம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 30 நாள் தங்க மலேசியா அனுமதிக்கிறது என்பது உண்மை. அது சுற்றிப் பார்க்க மட்டுமே, வேலைக்கு அல்ல. அனுமதிக்கப்பட்ட காலத்தைத் தாண்டித் தங்கினால் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கவும் அந்நாட்டுக் குடிநுழைவுச் சட்டத்தில் இடமுண்டு. பத்தாம் வகுப்பு தேறாத உங்களுக்கு, மலேசியாவில் வேலைக்குச் செல்ல இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி தேவை. மத்திய அரசின் இமைகிரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியலில் இவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். ஒன்றரை லட்சம் கேட்பதே அவர் எப்படிப்பட்டவர் என்பதைச் சொல்லிவிடுகிறது.

கேள்வி: குடும்பத்தோடு சிங்கப்பூர் செல்லும் என் மகன், இங்குள்ள வீட்டின் பொறுப்பை என்னிடம் விட்டுச் செல்ல என்ன செய்ய வேண்டும்?
- வாசகர், அண்ணா நகர், மதுரை

பதில்: புறப்படும் முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் உங்களுக்குப் பவர் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுக்கச் சொல்லுங்கள். போன பிறகு என்றால், இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பிய பத்திரம் இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டியிருக்கும். மகனின் வங்கிச் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் தம் இந்திய வருமானத்தை வரவு வைக்கும் கணக்கு) மாற்றி, வாடகையை அதில் வரவு வைக்கச் செய்யுங்கள்.