அல்பத்துக்குள்ள கிழக்கு மாகாணத்தத் தேடுறவருக்கு

கேள்வி: லெட் செப்லின் எண்டுற இங்கிலாந்து ராக் பேண்டின்ட 'ஹவுசஸ் ஆஃப் த ஹோலி' அல்பம் கவர்ல பிள்ளையள் ஏறுற கல்லு திருகோணமலைப் பக்கமாம், அந்த ஐடியாவும் ஆதர் சி. கிளார்க் எண்டுற இங்கிலாந்து எழுத்தாளர் அங்க கடல்ல சுழியோடின காலத்தில எழுதின நாவல்ல இருந்து வந்ததாம் எண்டு என்ட கூட்டாளி அடிச்சுச் சொல்றான். அப்ப அது நம்மட கிழக்கு மாகாணத்துச் சொத்துத்தானே?
- வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: கூட்டாளிக்குப் பாதிக்கதை தெரிஞ்சிருக்கு, அதுதான் வில்லங்கம். கல்லு இருக்கிறது வட அயர்லாந்துல, அன்ட்ரிம் கரையில, ஜயன்ட்ஸ் கோஸ்வே எண்டுற இடம், எரிமலைக் குழம்பு ஆறி இறுகேக்க வெடிச்சுத் தூண்தூணாப் பிரிஞ்சது, ஏறத்தாழ 40,000 தூண் நிக்குது. அதுல ஏறுற பிள்ளையளும் கூட்டமில்ல, அக்கா தம்பி ரெண்டே பேர், அவங்களத்தான் திருப்பித் திருப்பி எடுத்து ஒட்டியிருக்காங்க. விடியுற வெயிலுக்கும் பொழுதுபடுற வெயிலுக்கும் காவலிருந்தும் மழை விட்டபாடில்ல, கடைசியில கறுப்பு வெள்ளையில எடுத்துக் கையால கலர் பூசினது, அந்த வானத்து நிறம் அப்பிடி வந்ததுதான்.

நாவல் விசயம் உண்மை. கவரைச் செஞ்ச ஓப்ரி பவல், கிளார்க்கின்ட 'சைல்ட்ஹுட்ஸ் எண்ட்' நாவல்ட முடிவ மனசில வச்சுத்தான் செஞ்சவர். ஆனா தம்பி, அந்த நாவல் வந்தது 1953ல, கிளார்க் இலங்கையில குடியேறினதே 1956ல, திருகோணமலையில கோணேசர் கோயில் இடிபாட்டைக் கடலுக்கடியில பார்த்ததும் அந்த வருசந்தான். நாவல் வெளிவந்து மறுகாத்தான் ஆள் நம்மட கடல்ல இறங்கினவர். 1973ல அல்பம் வரேக்க அவர் இருந்தது கொழும்பில, கிழக்கிலயும் இல்ல.

இன்னொண்டும் கூட்டாளிக்குச் சொல்லுங்க: அதே பேண்டின்ட 'காஷ்மீர்' பாட்டு, பேண்டின்ட பாடகர் ராபர்ட் பிளாண்ட் தெற்கு மொரோக்கோவில பாலைவன ரோட்டில கார் ஓட்டிக்கொண்டு போகேக்க வந்தது, ஆள் அப்ப காஷ்மீர் மண்ண மிதிச்சதே இல்ல.

எனக்கு விளங்காதது, வெளிநாட்டான்ட அல்பத்துல நம்மள ஒட்டவச்சுப் பெருமைப்பட ஏன் இவ்வளவு அவதி? மட்டக்களப்பு டவுன்ல போர்த்துக்கீச வழிவந்த பறங்கி ஆக்கள்ட கலியாண வீட்டில வயலின் இழுக்க இழுக்க ஜோடி ஜோடியா கப்ரிஞ்ஞா ஆடுறாங்களே, அதப் பார்த்திருக்கீங்களா? மட்டக்களப்புக் கோட்டை போர்த்துக்கீசன்ட கையவிட்டுப் போனது 1638ல, இன்னமும் பறங்கி ஆக்கள்ட பாட்டு போர்த்துக்கீசக் கிரியோல் எண்டுற கலப்பு மொழியிலதான் நிக்குது, நாடு முழுக்க குதிக்கிற பைலாவுக்கும் கப்ரிஞ்ஞாதான் ஒரு வேர். களுவாஞ்சிகுடியில இருந்து ஒரு பஸ் எடுத்தாக் காணும். கலியாணத்துக்கு அழைப்பு இல்லாட்டி என்ன, ரோட்டில நிண்டாலும் கேக்கும்.